மூன்றாம் வரியில் ஒரு கொசு

“என் பிள்ளைகளுக்கு ஒண்ணும் தெரியலைன்னு எழுதியிருக்கீங்களே, அதைச் சொல்ல நீங்க யாரு?”

செருப்பைக் கழற்றும்போதே திருமேனி வாத்தியார் இப்படித்தான் ஆரம்பித்தார். ஏழு பஸ் மாறி மலையேறி வந்த கோபம் அது. ஆறாவது பஸ் கண்டக்டரிடம் கொஞ்சம் செலவழித்தும் இன்னும் அவ்வளவு மீதியிருந்தது.

அறையில் இருந்த பெண்மணி நிமிர்ந்து பார்த்தார். பெயர் அஞ்சுகம். திருமேனியைவிடப் பதினைந்து வயது இளையவர். அந்த மலைக் கல்லூரியில் முதலாண்டு சேரும் பிள்ளைகளுக்கு வாசிக்கவும் கணக்குப் போடவும் வருகிறதா என்று சோதித்துப் பார்ப்பது அவர் வேலை. வராத பிள்ளைகளுடைய வாத்தியார்களைக் கூப்பிட்டனுப்புவது, அவராகச் சேர்த்துக்கொண்ட வேலை.

“உட்காருங்க சார். தண்ணி குடிங்க.”

“தண்ணி கிடக்கட்டும். ஒன்பது பிள்ளைகளை அனுப்பினேன். எட்டு பேர் பெட்டியைத் தூக்கிக்கிட்டு ஊருக்கே வந்துட்டாங்க. மிச்சம் வேம்பு ஒருத்திதான். அவ கணக்குல நூத்துக்கு நூறு. தெரியுமா?”

“தெரியும். இங்க வச்ச சோதனையில அம்பதுக்குப் பதினொண்ணு. அதுவும் தெரியும்.”

இருபது நாளில் மறுதேர்வு. அதில் முப்பத்தைந்து வாங்கினால் வேம்புவுக்குக் கல்லூரியில் இடம் நிற்கும். இல்லாவிட்டால் நூல் மில். மில்லுக்கு ஆள் பிடிக்கிறவர் இரண்டு தடவை அவள் வீட்டுக்கு வந்து போயிருந்தார். மூன்று வருட ஒப்பந்தத் தாள் சாமி படத்துக்குப் பின்னால் செருகிக் கிடந்தது. கையெழுத்துதான் பாக்கி.

வேம்புவின் அப்பா வாத்தியார் வீட்டு வாசலில் வந்து நின்று கேட்டது ஒன்றுதான்.

“நீங்கதானே சார் நூறுன்னு சொன்னீங்க?”

அந்தக் கேள்விதான் திருமேனியை ஏழு பஸ்ஸிலும் ஏற்றிவிட்டது.

திருமேனியின் பெருமை லேசுப்பட்டதல்ல. பதினெட்டு வருடமாக அவர் பள்ளியில் கணக்கில் ஒரு பிள்ளை தவறியதில்லை. அவர் வகுப்பில் சூத்திரம் ஒப்பிக்கிற சத்தத்தில் பக்கத்துத் தோப்புக் காக்கைகள் கரைவதையே மறந்துவிட்டன என்பார்கள். ஒரு காக்கை ‘ஏ பிளஸ் பி ஹோல் ஸ்கொயரை’ முழுசாகச் சொல்லிவிட்டுக் கடைசிக் குறியில் தடுமாறியதாம். அதையும் பத்துத் தரம் எழுதச் சொன்னாராம் வாத்தியார்.

எல்லாவற்றுக்கும் மூலம் முப்பத்திரண்டு பக்க நோட்ஸ். அவரே கைப்பட எழுதியது. வாசிக்கத் தெரியாத பிள்ளைகூட அதை வைத்துப் பாஸாகிவிடும். கோலம் போடுகிற மாதிரி வரிக்கு வரி அப்படியே இழுத்தால் போதும். அதன் ஜெராக்ஸ் அவர் பள்ளியைத் தாண்டியது. பயிற்சி முகாம்களில் அவரைக் கருத்தாளராக, அதாவது வாத்தியார்களுக்கே வாத்தியாராக, உட்கார வைத்தார்கள். மூன்று மாவட்டத்துக் கணக்கு வாத்தியார்கள் பையிலும் அந்த முப்பத்திரண்டு பக்கம் இருந்தது.

அஞ்சுகம் வேம்புவைக் கூப்பிட்டார்.

வேம்பு வந்து நின்றாள். திருமேனியைப் பார்த்ததும் கைகட்டிக்கொண்டாள்.

“ஒரு இருபடிச் சமன்பாடு போடும்மா.”

மூச்சு விடாமல் போட்டாள். ஐந்து வரி. முத்து முத்தான எழுத்து. திருமேனி அஞ்சுகத்தைப் பார்த்த பார்வையில், இப்ப என்ன சொல்றீங்க என்றிருந்தது.

அஞ்சுகம் மூன்றாம் வரியின் ஓரத்தில் விரலை வைத்தார். அங்கே சின்னதாக ஒரு கரும்புள்ளி. அதிலிருந்து ஆறு மெல்லிய கோடுகள். ஒரு பக்கம் சிறகு மாதிரி ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது.

“இது என்னம்மா?”

“தெரியாது மேடம். அது போடணும்.”

“போடலைன்னா?”

“நாலாவது வரி வராது மேடம்.”

வேம்புவை அனுப்பிவிட்டு அஞ்சுகம் கேட்டார்.

“சார், இது என்ன?”

“அது... ஜெராக்ஸ்ல ஏதோ கறை விழுந்திருக்கும்.”

கறையல்ல, கொசு. பதினோரு வருடத்துக்கு முன்னால் மழைக்கால மத்தியானம் ஒன்றில், நோட்ஸின் மூன்றாம் வரிமேல் வந்து உட்கார்ந்தது. வாத்தியார் நோட்டை மூடினார். கொசு உள்ளேயே நின்றுவிட்டது. ஜெராக்ஸில் இன்னும் தெளிவாக நின்றது.

மூன்றாவது வருடம் அரைப் பரீட்சைத் தாள் திருத்தும்போது திருமேனி அதைக் கவனித்தார். நாற்பத்திரண்டு தாள். நாற்பத்திரண்டு கொசு. ஒரு பையன் ஸ்கேல் வைத்துக் கால் வரைந்திருந்தான். வாத்தியார் சிவப்பு மையைத் தொட்டார். பிறகு யோசித்தார். அதைப் பார்த்துத்தான் பிள்ளைகள் அடுத்த வரியைப் பிடிக்கிறார்கள். எடுத்துவிட்டால் மொத்தக் கணக்கும் போய்விடும். ஓடுகிற வண்டி. எதற்குக் கை வைக்க வேண்டும்?

கொசுவுக்கும் சேர்த்து மார்க் போட்டார்.

இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. அஞ்சுகத்திடமும் சொல்லவில்லை.

“சரி, விடுங்க. இருபது நாள் இருக்கு. அவளைத் தேத்திவிடறதுக்கு ஒரு வழி சொல்லுங்க.”

“அவளுக்கு அப்புறம். முதல்ல நீங்க படிக்கணும்.”

“நானா? பதினேழு பயிற்சி பாத்தவன் நான்.”

“பதினேழுல என்ன கத்துக்கிட்டீங்க?”

திருமேனி உண்மையாகவே யோசித்துப் பார்த்தார்.

“கேள்வி கேட்கக் கூடாதுன்னு. கேட்டா சாப்பாடு லேட்டாகும்.”

அஞ்சுகம் சிரிக்கவில்லை. ஒரு தாளில் ஒரே ஒரு வரி எழுதிக் கொடுத்தார். தமிழுமில்லை, இங்கிலீஷுமில்லை. எல்லா எழுத்தும் பூரி பூரியாக உப்பி உருண்டிருந்தது.

“இதை மனப்பாடம் பண்ணுங்க. பார்க்காம எழுதி என்கிட்ட காட்டிட்டு, சமையல்கட்டுல சுதாம்கிட்ட கொடுங்க. அப்புறம் சாப்பிடலாம்.”

சுதாம் ஒடிசாவிலிருந்து வந்த சமையல்காரர். அந்த மலையில் வேறு அடுப்பே கிடையாது. டீக்கடைக்காரர் மழைக்குப் பயந்து கீழே இறங்கி ஒரு மாதமாகிறது.

மனப்பாடம் என்றதும் திருமேனிக்கு உடம்பில் தெம்பு வந்தது. அரை மணியில் எழுதிக் காட்டினார். அஞ்சுகம் சிவப்பு மையில் நூறு போட்டார்.

தாளோடு சமையல்கட்டுக்குப் போனார். சுதாம் தாளைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், குழம்புச் சட்டியை மூடினார்.

“சாப்பாடு இல்லே சார்.”

ஏதோ சுழி விட்டுப்போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டார் திருமேனி. ராத்திரிச் சாப்பாட்டுக்கு இன்னும் அழகாக எழுதினார். நூறு. ‘மிக நன்று’ என்றும் இருந்தது. சுதாம் தலையை ஆட்டினார். சாப்பாடு இல்லை.

காலையில் எழுதினது அச்சில் வார்த்த மாதிரி இருந்தது. அஞ்சுகம் நூறு போட்டு, பக்கத்தில் நட்சத்திரமும் வரைந்தார். இட்லி ஆவி ஜன்னலைத் தாண்டி வந்து வாத்தியார் மூக்கைப் பிடித்து இழுத்தது. சுதாம் சட்டியை மூடினார்.

கல்லூரி முற்றத்துக் கொய்யா மரத்தில் எட்டுக் காய் இருந்தது. அவர் வந்த மறுநாள் ஒன்றும் இல்லை. இலைகளிலும் கொஞ்சம் குறைந்திருந்தது என்று தோட்டக்காரர் பிற்பாடு சாதித்தார்.

மத்தியானம் நாலாவது தாளை நீட்டினார் திருமேனி. சுதாம் வழக்கம்போலத் தலையை ஆட்டினார்.

பதினேழு பயிற்சியில் கேட்காததை, பசி கேட்டது.

“ஏம்ப்பா, இதுல என்னதான் எழுதியிருக்கு?”

சுதாம் தாளை வெளிச்சத்துக்குத் திருப்பி, ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துச் சொன்னார்.

“‘இந்த ஆளுக்கு இந்த வேளை சோறு கிடையாது.’ அதுதான் சார் எழுதியிருக்கு. சார் கையெழுத்து ரொம்ப நல்லா இருக்கு.”

திருமேனி அங்கேயே அடுப்பங்கரைத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் அஞ்சுகம் வந்தார். தட்டில் சோறு போட்டு அவர் முன்னால் வைத்தார்.

“நாலு தடவை நூறு வாங்கியிருக்கீங்க சார். சாப்பிடுங்க.”

பசி இருந்தது. அள்ளிச் சாப்பிட்டார். நாலாவது கவளத்தில் கேட்டார்.

“வேம்புவுக்கு நான் எழுதிக் கொடுத்ததும் இதுதானா?”

அஞ்சுகம் மோர் ஊற்றினார்.

மறுநாளிலிருந்து வேம்புவுக்குப் பக்கத்தில் அவரை உட்காரவைத்தார். சாக்பீஸைத் தொடக்கூடாது. விடை சொல்லக்கூடாது. அவருக்கு அனுமதித்தது ஒரே ஒரு சொல். ‘அப்படின்னா?’

“அதை மட்டும் வச்சுக்கிட்டு எப்படிம்மா பாடம் நடத்துறது?”

“நடத்த வேண்டாம். கேளுங்க.”

முதல் கணக்கு. மூன்றில் ஒன்று பெரிதா, நான்கில் ஒன்று பெரிதா?

“நாலுல ஒண்ணு சார்,” என்றாள் வேம்பு. “நாலுதானே பெருசு?”

திருமேனிக்குத் தூக்கிவாரிப்போட்டது. நூறு வாங்கிய பிள்ளை. வாய் தானாகத் திறந்தது. அஞ்சுகம் விரலை உயர்த்தினார். வாத்தியார் வாயை மூடிக்கொண்டார். அவருடைய கை மேசைக்கு அடியில் வேட்டிமேலேயே பின்னம் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது.

“அப்படின்னா?”

வேம்பு மிரண்டாள். சார் இப்படிக் கேட்டு அவள் பார்த்ததில்லை. தாளை விட்டுவிட்டு விரல் மடக்கி எண்ணினாள்.

“எங்க வீட்ல நாலு பேரு சார். பெரியம்மா வீட்ல மூணு பேரு. ஞாயித்துக்கிழமை ரெண்டு வீட்லயும் அரைக்கிலோ கறிதான் எடுப்பாங்க.”

“அப்படின்னா?”

“அவங்க வீட்லதான் ஆளுக்கு நிறைய வரும்...” நிறுத்தினாள். கண் விரிந்தது. “அப்ப மூணுல ஒண்ணுதான் சார் பெருசு.”

திருமேனி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“இதை ஏன் தாயி என்கிட்ட கேட்கலை? ரெண்டு வருஷம் என் வகுப்புல இருந்தியே.”

“கேட்டா பாடம் முடியாதுன்னு நீங்கதானே சார் சொல்லுவீங்க?”

அஞ்சுகம் எழுந்து வெளியே போனார்.

அதன் பிறகு வேம்பு ஆறாம் வகுப்புப் பாடத்திலிருந்து ஒவ்வொன்றாக நடந்தே வந்தாள். ஒரு பக்கத்தைக் கடகடவென்று வாசிப்பாள். ‘அப்படின்னா?’ என்பார் திருமேனி. விழிப்பாள். மறுபடி மெல்ல வாசிப்பாள். இரண்டாவது வாரம், வாசிக்கும்போதே ஓரிடத்தில் நின்று, “இதுல சொல்றது தப்பு மாதிரி இருக்கே சார்” என்றாள். திருமேனிக்கு அன்று முழுக்கச் சாப்பாடே வேண்டியிருக்கவில்லை.

பதினெட்டாம் நாள் இருபடிச் சமன்பாடு வந்தது. முதல் வரி. இரண்டாம் வரி. மூன்றாம் வரியின் ஓரத்தில் புள்ளி வைக்கப் பென்சில் இறங்கியது. நின்றது.

“சார், இது இல்லாமலே நாலாவது வரி வருது.”

“ம்.”

“விட்டுடலாமா சார்?”

“விட்டுடு.”

இப்போது அவள் ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது என்று திருமேனி பதில் தேடிக்கொண்டிருந்தார். அவள் கேட்கவில்லை. சார் சொன்னால் சரி. அப்படித்தான் அவளைப் பழக்கியிருந்தார். அன்றைக்கு அந்தப் பழக்கம் அவரைக் காப்பாற்றியது.

மறுதேர்வு நடந்தது. உள்ளாள் திருத்தினால் பாரபட்சம் வரும் என்று வெளியாள் ஒருவரைத் திருத்த அழைப்பது கல்லூரி விதி. மலையடிவாரப் பள்ளியிலிருந்து கோமதிநாயகம் என்கிற கணக்கு வாத்தியார் வந்து ஒரே மத்தியானத்தில் திருத்தி முடித்தார்.

வேம்புவுக்கு முப்பத்திநாலு.

திருமேனி தாளை வாங்கிப் பார்த்தார். எட்டாவது கணக்கு, இருபடிச் சமன்பாடு. விடை சரி. வரிகள் சரி. மூன்றாம் வரியின் ஓரத்தில், ஒன்றுமில்லாத இடத்தைச் சுற்றிச் சிவப்பில் ஒரு வட்டம். பக்கத்தில் ‘படி விடுபட்டது. ஒரு மதிப்பெண் குறைவு.’

தாளோடு ஓடினார். கோமதிநாயகம் கிளம்புகிற அவசரத்தில் நின்றபடி டீ குடித்துக்கொண்டிருந்தார். திருமேனியைப் பார்த்ததும் டீயைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டார்.

“சார், என்னைத் தெரியலையா? ஆறு வருஷத்துக்கு முன்னால நீங்க கருத்தாளரா வந்த முகாம்ல மூணாவது பெஞ்சு. உங்க நோட்ஸை வச்சுத்தான் எங்க ஸ்கூல் இன்னிக்கும் ஓடுது.”

“கோமதிநாயகம், இந்த மூணாவது வரியில மார்க் குறைச்சிருக்கீங்களே...”

“குறியீடு போடலையே சார்.”

“அது குறியீடு இல்லை.” திருமேனி அக்கம்பக்கம் பார்த்தார். சொல்லிவிட்டார். “கொசு. என் நோட்டுல நசுங்கிச் செத்த கொசு.”

கோமதிநாயகம் திகைக்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“தெரியும் சார்.”

“தெரியுமா?”

“வாங்கின வாரமே தெரியும். பூதக்கண்ணாடி வச்சுப் பார்த்தேன். ஆனா மூணு மாவட்டமும் அதைப் போட்டுத்தானே மார்க் வாங்குது? போடாத பிள்ளைக்கு முழு மார்க் கொடுத்தா, போட்ட பிள்ளைங்க என்ன ஆகும்?” டீயை எடுத்து ஒரு வாய் குடித்தார். “ஓடுற வண்டி சார். எதுக்குக் கை வைக்கணும்?”

திருமேனி தாளோடு அஞ்சுகத்திடம் போய்க் கொசுவைச் சொன்னார். 

அஞ்சுகம் கல்லூரி முதல்வரிடம் போய் ஒரு மணி நேரம் வாதாடினார். வெளியாள் போட்ட மார்க்கில் உள்ளாள் கை வைத்தால் ஊர் சிரிக்கும் என்றாராம் முதல்வர். கொசு என்றதும் முதலில் சிரித்தது அவர்தான்.

மறுநாள் காலையில் கல்லூரி வாசலில் மில் வேன் வந்து நின்றது. முன் சீட்டில் வேம்புவின் அப்பா இருந்தார். இறங்கவில்லை. சாமி படத்துக்குப் பின்னால் இருந்த தாள் அவர் சட்டைப் பையில் இருந்தது.

திருமேனி அஞ்சுகத்தின் அறை வாசலில் நின்றார். பையைத் தோளில் போட்டிருந்தார்.

“பயிற்சி முடிஞ்சுதாம்மா?”

“இல்லை சார். ஒரு கேள்வி பாக்கி.”

“கேளுங்க.”

“என்கிட்ட இல்லை.”

ஜன்னல் வழியாகக் கையை நீட்டினார். வாசலில், தகரப் பெட்டியைக் காலருகே வைத்துக்கொண்டு, கையில் விடைத்தாளோடு வேம்பு நின்றுகொண்டிருந்தாள்.

திருமேனி நடந்தார். அந்த முற்றம் இருபதடிதான் இருக்கும். ஏழு பஸ் தூரம் போலிருந்தது.

“சார்,” என்றாள் வேம்பு. கை கட்டவில்லை. “எட்டாவதுல ஒரு மார்க் போயிருக்கு. மூணு தரம் போட்டுப் பார்த்தேன். எல்லாமே சரியா வருது. எதுக்கு சார் போச்சு?”

வேன்காரர் ஹாரன் அடித்தார்.

“அந்தப் புள்ளி இருந்துச்சே தாயி, ஓரத்துல... அது கணக்கு இல்லை. கொசு. என் நோட்டுல செத்துக் கிடந்த கொசு. அதைத்தான் நீங்க எல்லாரும் வரைஞ்சீங்க.”

வேம்பு தாளைப் பார்த்தாள். சிவப்பு வட்டத்துக்குள் இருந்த வெற்றிடத்தைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

“உங்களுக்குத் தெரியுமா சார்?”

“தெரியும்.”

ஹாரன் மறுபடி அடித்தது. வேம்பு தாளை நாலாக மடித்துப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேன் படியில் ஒரு காலை வைத்தாள். மற்றக் காலை எடுக்காமல் திரும்பினாள்.

“அப்படின்னா, சார்?”